.22 பிஸ்டல் நின்றுபோனால்: தோட்டாவைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

புதிதாக .22 பிஸ்டல் பிடிப்பவர்கள், தோட்டா சிக்கியதும் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். போல்ட்டை (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் எஃகுக் கட்டையை) இரண்டு முறை வெடுக்கென்று இழுக்கிறார்கள், கீழே விழுந்ததைக் காலால் ஒதுக்குகிறார்கள், அடுத்ததைச் சுடுகிறார்கள். பிஸ்டலுக்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய சாட்சியே அந்தத் தோட்டாதான். அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும்.

இங்கே நான் சொல்வது .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா போடும் பிஸ்டல்களைப் பற்றி. கிளப்புகளில் 25 மீட்டர் போட்டிக்கு வைத்திருக்கும் பார்டினி, வால்தர், ஹேமர்லி மாதிரியானவை. .32 ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கும் ஏர் பிஸ்டல் சுடுபவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

.22 ஏன் இவ்வளவு சீக்கிரம் அழுக்காகிறது? முதல் காரணம் அதன் குண்டு. பெரும்பாலும் வெறும் ஈயம். மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். அந்த மெழுகும் ஈயத் துகளும் எரியாத மருந்தும் சேர்ந்து கறுப்புப் பிசினாகப் படிகின்றன. இரண்டாவது காரணம் விசை. இந்தப் பிஸ்டல்களில் போல்ட் பின்னால் போவது, வெடித்த காலி கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) பின்பக்கம் தள்ளுகிற தள்ளலால் மட்டும்தான். குண்டின் எடையோ சுமார் 2.6 கிராம். இருக்கிற விசையே கொஞ்சம். அதில் ஒரு பங்கை அழுக்கு தின்றுவிட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது, அல்லது முழுதாக முன்னால் வராது. நீங்கள் பார்க்கப்போகும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றுதான்.

எதற்கும் முன்னால்

துப்பாக்கியைத் துடைக்கும்போது நடக்கும் விபத்துகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே நம்பிக்கை: "காலியாகத்தான் இருக்கிறது." அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முனை எப்போதும் இலக்குப் பக்கம். விரல் ட்ரிக்கர் கார்டுக்கு வெளியே. முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அதன்பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், சேம்பரில் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையில்) இருந்த தோட்டா வெளியே வரும், போல்ட் திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்களோ காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். போல்ட்டைத் திறந்த நிலையில் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். சுண்டுவிரலையோ ஒரு குச்சியையோ விட்டும் பாருங்கள். பிறகு, சேம்பர் காலி என்று வெளியே காட்டும் சேஃப்டி ஃபிளாக்கைச் செருகுங்கள்.

வீட்டில் துடைப்பதாக இருந்தால் தோட்டா அந்த அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. பூட்டிய வேறு இடத்தில் இருக்கட்டும். சில பிஸ்டல்களைப் பிரிப்பதற்கே ட்ரிக்கரை ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கும். கிளாக் பிஸ்டல் அப்படித்தான். சேம்பரை இரண்டு முறை பார்க்கச் சொல்வது அதனால்தான். உங்கள் மாடலுக்கான கையேட்டைப் படிக்காமல் எந்தப் பின்னையும் தட்டிக் கழற்றாதீர்கள்.

உயிருள்ள தோட்டா சிக்கியிருந்தால் அந்தப் பிஸ்டல் வீட்டுக்கு வரவே கூடாது. ரேஞ்சிலேயே, ரேஞ்ச் ஆபீசர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள்.

போட்டியில் நின்றுபோனால் கதை வேறு. பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு, பிடியை விடாமல், மற்றக் கையை உயர்த்துங்கள். போல்ட்டைத் தொடாதீர்கள். ரேஞ்ச் ஆபீசர் வந்து பார்ப்பதற்கு முன் நீங்கள் திறந்துவிட்டால், நியாயமான கோளாறுக்குக் கிடைக்க வேண்டிய மறுவாய்ப்பும் போய்விடும். ரேபிட் ஃபயரில் 5 இலக்குகளுக்கு 5 குண்டுகள், கடைசிச் சுற்றில் அதற்கு 4 நொடிதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் பிரிவில்தான். அந்த 4 நொடிக்குள் சுடுபவரால் எந்தப் பழுதையும் சரிசெய்ய முடியாது. முந்தைய நாள் மேசையில் செய்த வேலைதான் அங்கே நிற்கும்.

ட்ரிக்கர் இழுத்தேன், "டிக்" என்றது, சுடவில்லை

உடனே திறக்காதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றி வெடிக்கும் வாய்ப்பு உண்டு. முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடி பொறுங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, வெளியே வந்த தோட்டாவை எடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் சேம்பருக்குத் தோட்டாவே போகவில்லை. அப்போது கீழே மேகசின் பற்றிச் சொல்லும் பகுதியைப் படியுங்கள்.

.22 எல்ஆரில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்கத்து நடுவில் இல்லை, சுற்று விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைத்தான் நசுக்குகிறது. ஆகவே விளிம்பில் இருக்கும் தடத்தைப் பாருங்கள்.

தடமே இல்லையா? ஃபயரிங் பின் தோட்டாவைத் தொடவே இல்லை. போல்ட் முழுதாக மூடாமல் இருந்திருக்கலாம், பின் உடைந்திருக்கலாம். போல்ட்டைத் துடைத்து, காலி பிஸ்டலில் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். நன்றாக மூடியும் தடம் விழாவிட்டால் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுக்க வேண்டியதுதான்.

நல்ல ஆழமான தடம் இருந்தும் வெடிக்கவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. விளிம்புக்குள் மருந்து ஒரே சீராகப் பரவாத இடத்தில் பின் அடித்திருக்கும். மலிவான தோட்டாவில் இது எப்போதாவது வரும். ஒரு பெட்டியில் அடுத்தடுத்து வந்தால் அந்தப் பெட்டியையே ஒதுக்குங்கள். வெடிக்காத தோட்டாவைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், பாக்கெட்டிலும் போட்டுக்கொள்ளாதீர்கள். ரேஞ்சில் அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள்.

லேசாக, கீறியது போல ஒரு தடம் இருக்கிறதா? இங்கேதான் துடைக்கும் வேலை வருகிறது. இரண்டு சாத்தியங்கள். ஒன்று, ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் பழைய எண்ணெயும் கரியும் சேர்ந்து பிசுபிசுத்திருக்கிறது. பின் வேகம் குறைந்து வந்து தட்டுகிறது. இன்னொன்று, சேம்பரில் அழுக்கு இருப்பதால் தோட்டா கடைசி வரை உள்ளே போய் உட்காரவில்லை. பின் அடித்த அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது சாத்தியத்தைக் கண்டுபிடிப்பது எளிது: அதே தோட்டா இரண்டாம் முறை அடித்தால் வெடித்துவிடும், ஏனென்றால் முதல் அடியிலேயே அது உட்கார்ந்துவிட்டது. அப்போது சேம்பரைத் துடைத்தாலே போதும்.

பின் துளைதான் காரணம் என்றால், கையேடு அனுமதிக்கும் வரை போல்ட்டைக் கழற்றி, சால்வென்ட்டில் (அழுக்கைக் கரைக்கும் திரவத்தில்) அலசி, உதறி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு அங்கே எண்ணெய் விடாதீர்கள். ஃபயரிங் பின் துளை காய்ந்தே இருக்க வேண்டும். "ஒரு சொட்டு விட்டால் சுலபமாக ஓடுமே" என்று விடப்படும் அந்தச் சொட்டுதான் ஆறு மாதத்தில் பிசினாகிறது. அலசிய பிறகும் தடம் லேசாகவே இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு டிரை ஃபயரால் வருவது. சேம்பர் காலியாக இருக்கும்போது ட்ரிக்கர் இழுத்துப் பயிற்சி செய்வது நல்லதுதான். ஆனால் எல்லா .22-லும் அதைச் செய்யக் கூடாது. விளிம்பு இல்லாத இடத்தில் பின் போய்ச் சேம்பரின் ஓரத்து எஃகையே அடிக்கும். நாளடைவில் அங்கே ஒரு சிறு பள்ளமும் உள்பக்கம் ஒரு பிசிறும் உண்டாகும். அதன்பிறகு தோட்டா உள்ளே போகவும் வரவும் முரண்டு பிடிக்கும். காலி கேஸ் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் கீறல் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். அதற்கென்றே கருவி இருக்கிறது. ஆர்மரர் ஒருமுறை திருப்பினால் சரியாகிவிடும். போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் டிரை ஃபயருக்கென்று தனி அமைப்பு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

சத்தம் வித்தியாசமாக இருந்தது, "புஸ்" என்றது

நிறுத்துங்கள். அடுத்த ஷாட் கிடையாது.

சத்தமும் உதையும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொரு குண்டைச் சுட்டால் பேரல் புடைக்கும் அல்லது வெடிக்கும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, காலி என்று உறுதிசெய்த பிறகு, ஒரு கிளீனிங் ராடைப் பேரலுக்குள் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் சரி. தட்டினால் ஆர்மரரைக் கூப்பிடுங்கள். பக்கத்து லேனில் இருப்பவர் இப்படி ஒரு சத்தம் கேட்டு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துங்கள். காதடைப்பான் போட்டிருப்பதால் உங்கள் பிஸ்டலின் சத்தமே உங்களுக்குச் சரியாகத் தெரியாது.

காலி கேஸ் சேம்பரிலேயே நிற்கிறது

போல்ட் பின்னால் போய் வந்துவிட்டது, ஆனால் சுட்ட கேஸ் வெளியே வரவில்லை. புதிய தோட்டா அதன் முதுகில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. .22-ல் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

மேகசினைக் கழற்றி, முட்டி நிற்கும் புதிய தோட்டாவை எடுத்துவிட்டு, சேம்பரில் இருப்பது காலி கேஸ்தான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டால், முனைப்பக்கமிருந்து ராடை விட்டு மெல்லத் தள்ளி எடுக்கலாம். உள்ளே இருப்பது முழுத் தோட்டாவாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முனையிலிருந்து தள்ளக் கூடாது. கத்தி முனை, ஸ்க்ரூடிரைவர் எதையும் சேம்பருக்குள் நுழைக்காதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல் காலத்துக்கும் தொல்லை கொடுக்கும்.

வெளியே வந்த கேஸின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு ஓரிடத்தில் பிய்ந்தோ வளைந்தோ இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்து இழுத்திருக்கிறது, சேம்பர்தான் விடவில்லை. விளிம்பில் ஒன்றுமே இல்லை என்றால் கொக்கி பிடிக்கவே இல்லை.

முதல் வகைக்குச் சேம்பரைச் சுத்தம் செய்ய வேண்டும். கேஸின் வாய் முடியும் இடத்தில், காபி டம்ளரின் அடியில் படியும் கறையைப் போல, ஒரு வளையம் உண்டாகும். மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்த வளையம் அது. பேரலைத் துணி போட்டு இழுத்தால் மட்டும் அது போகாது, துணி அதன் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். .22 அளவு வெண்கலப் பிரஷ்ஷைச் சால்வென்ட்டில் நனைத்து, சேம்பருக்குள் மட்டும் விட்டு, திருகுவது போலச் சுழற்றுங்கள். பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மறுபடி சுழற்றிவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். துணியில் கறுப்போடு சாம்பல் நிறத்தில் பளபளப்பான துகள் வந்தால் அது ஈயம். துணி வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். கடைசியில் சேம்பரில் எண்ணெய் இருக்கக் கூடாது.

இரண்டாவது வகைக்குக் கொக்கியின் அடியைப் பாருங்கள். போல்ட்டின் முகத்தில், கொக்கிக்கும் எஃகுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் கரி இறுகிப்போய், கொக்கி உள்பக்கம் மடங்க முடியாமல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். இதற்கு நான் யாருக்கும் விலையுயர்ந்த கருவி சிபாரிசு செய்வதில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சாய்வாகக் கிள்ளி, சால்வென்ட்டில் தோய்த்து அந்த இடுக்கில் விட்டு எடுங்கள். எஃகைக் கீறாது, எட்டாத மூலைக்கும் போகும், நுனி மழுங்கினால் கிள்ளிக்கொள்ளலாம். உள்ளேயிருந்து எள்ளளவு கறுப்புக் கட்டி உடைந்து வந்ததும், கொக்கியை விரலால் தள்ளிப் பாருங்கள்: சுறுசுறுப்பாகத் திரும்பி வரும். இடுக்கு சுத்தமாக இருந்தும் கொக்கி தொளதொளவென்று இருந்தால் அதன் ஸ்பிரிங்கையோ கொக்கியையோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

காலி கேஸ் வெளியே வரும் வழியில் நட்டக்குத்தலாக நிற்கிறது

கேஸ் சேம்பரை விட்டு வந்துவிட்டது. ஆனால் முழுதாக வெளியேறும் முன் போல்ட் திரும்பி வந்து அதைக் கவ்விவிட்டது. போல்ட் போதிய அளவு பின்னால் போகவில்லை என்று பொருள்.

முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள். போல்ட் ஓடும் தடங்களைத் துடைத்து, ஒவ்வொரு தடத்திலும் மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு விரலால் பரப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம். வழியும் எண்ணெய் மருந்துக் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு சாந்தாகிறது.

அடுத்தது தோட்டா. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒத்துக்கொள்ளும் தோட்டா என்று ஒன்று உண்டு. போட்டிப் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். அதைவிட மென்மையான தோட்டா போட்டால் போல்ட் பாதியில் திரும்பலாம். அதற்காக ஹை வெலாசிட்டி தோட்டாவுக்குத் தாவாதீர்கள். கோளாறு நின்றது போலத் தோன்றும், ஆனால் போல்ட்டும் சட்டமும் அந்த அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அது.

மூன்றாவது மணிக்கட்டு. பிடி தளர்ந்திருந்தால் பிஸ்டல் முழுவதுமே பின்னால் போகும், போல்ட் தனியாகப் பின்னால் ஓடுவதற்கு எதிர்ப்பு கிடைக்காது. பயிற்சியின் கடைசிப் பகுதியில், கை களைத்த பிறகு மட்டும் இது நடந்தால் பிஸ்டல் மேல் பழி போடாதீர்கள். உங்கள் கோச்சை அதே மேகசினில் ஐந்து ஷாட் சுடச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஒழுங்காக ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

தோட்டா மேகசினிலிருந்து ஏறவில்லை, அல்லது மூக்கு முட்டி நிற்கிறது

முட்டிய தோட்டாவின் ஈய மூக்கு நசுங்கியிருக்கும். அதைத் திரும்பப் போடாதீர்கள். குண்டு கேஸுக்குள் அழுந்தியிருந்தால் அழுத்தம் கூடும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு கேள்விதான்: எந்த மேகசின்? பதில் தெரிய வேண்டுமானால் மேகசின்களில் முன்கூட்டியே 1, 2, 3 என்று பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்க வேண்டும். புதிதாக வரும் எல்லோரையும் முதல் நாளே இதைச் செய்யச் சொல்வேன். எப்போதும் 2-ம் நம்பரில்தான் முட்டுகிறது என்றால் பிஸ்டலைத் தொடவே வேண்டாம். அந்த மேகசினின் வாய் உதடுகளை நன்றாக ஓடும் மேகசினோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையில் விழுந்த மேகசினில் ஓர் உதடு தலைமுடி அளவு விரிந்திருந்தாலும் தோட்டா கோணலாகத்தான் வரும். பிளையர் கொண்டு வளைக்கப் போகாதீர்கள், புதிது வாங்குவது மலிவு.

மேகசினுக்குள் சுத்தம் செய்வது சுலபம்: பிரித்து, காய்ந்த துணியால் துடைத்து, அப்படியே மாட்டுங்கள். எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தூசியைச் சேர்க்கும், தோட்டாவின் மருந்துக்குள்ளும் கசியும்.

தோட்டா போடும் முறையிலும் தவறு வரும். தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோயரின் பொத்தானைக் கீழ்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைப் பொலபொலவென்று கொட்டுபவர்கள் உண்டு. உள்ளே சில மூக்கு கீழே குத்தி நிற்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஒரு தோட்டாவுக்கு இடம் கிடைக்கும் அளவு மட்டும் இழுத்து, ஒவ்வொன்றாக வையுங்கள்.

எல்லா மேகசினிலும் முட்டுகிறது என்றால் சேம்பருக்கு ஏறும் சரிவில் மெழுகு படிந்திருக்கிறது. ஈர்க்குச்சியும் துணியும் போதும். அந்தச் சரிவை மெருகேற்றுகிறேன் என்று உப்புத்தாள் எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

போல்ட் கடைசி இழையில் மூடாமல் நிற்கிறது

சேம்பர் வளையம், அல்லது தடங்களில் பழைய எண்ணெய். இரண்டுக்கும் மேலே வழி சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று: போல்ட்டைக் கையால் பிடித்து மெல்லக் கொண்டுபோய் மூடும் பழக்கம். பின்னால் இழுத்து விட்டுவிடுங்கள், ஸ்பிரிங் தன் வேகத்தில் மூடட்டும். பாதியில் நின்ற போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிச் சுடாதீர்கள்.

என்ன எண்ணெய் போட்டீர்கள் என்பதும் இங்கே கேட்க வேண்டியது. தேங்காய் எண்ணெய் போட்டுக் கொண்டுவருபவர்களை இன்றும் பார்க்கிறேன். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏசி போட்ட ரேஞ்சுக்கும் கோயம்புத்தூரின் மார்கழிக் காலைக்கும் அது ஆகாது. உறையாவிட்டாலும் நாளடைவில் பிசுக்காகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் இறுகியதை இளக்கவும் வந்த சரக்கு, நீடித்து நிற்கும் உயவு எண்ணெய் அல்ல. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத அவசரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம், அது மெல்லிய கனிம எண்ணெய்தான்.

நன்றாகச் சுடும் பிஸ்டல் திடீரென்று சிதறுகிறது

புதியவர்கள் உடனே பேரலைத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் திருகுகள்: பிடியின் திருகு, பின் சைட்டின் திருகு. விரலால் அசைத்துப் பாருங்கள். அடுத்து, தோட்டாவின் பிராண்டோ லாட் நம்பரோ மாறியிருக்கிறதா என்று பெட்டியைப் பாருங்கள். அப்புறம்தான் பேரல்.

காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைத் திறந்து, சேம்பர் பக்கம் வெளிச்சம் விழும்படி வைத்துப் பேரலுக்குள் பாருங்கள். உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்களின் ஓரத்தில் மங்கிய சாம்பல் கோடுகள் ஓடினால் ஈயம் ஒட்டியிருக்கிறது. சால்வென்ட், வெண்கலப் பிரஷ், துணி என்ற வரிசைதான். 1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹோப்ஸ் நம்பர் 9 போன்ற சாதாரணச் சால்வென்ட் போதும். செம்புக்கென்று வரும் அமோனியா கலந்தவை ஈயக் குண்டு சுடும் பேரலுக்குத் தேவையில்லை. பிரஷ்ஷைப் பேரலின் நடுவில் திருப்பி இழுக்காதீர்கள்; மறுபக்கம் முழுதாக வெளியே வந்த பிறகே திருப்ப வேண்டும்.

முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்தே துடைக்க வேண்டும். பேரல் கழலாத பிஸ்டலில் ராடை முனையிலிருந்துதான் விட முடியும், அப்போது ராட் முனையின் ஓரத்தில் உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த ஓரம், அங்கே விழும் சிறு வடுவும் குறியைக் கெடுக்கும். அதனால் கயிறு போட்டு இழுக்கும் முறையே எனக்குப் பிடித்தது. என்.சி.சி.யில் .22 ரைஃபிள் துடைத்தவர்களுக்குப் புல்-த்ரூ பழக்கமாகத்தான் இருக்கும். அதேதான்: கயிற்றின் எடை கட்டிய முனையைச் சேம்பர் வழியாக விட்டு, முனைப்பக்கம் நேராக இழுப்பது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? சேம்பர், போல்ட் முகம், கொக்கி மூன்றையும் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடையுங்கள், பத்து நிமிட வேலை. பேரலைச் சில நூறு ஷாட்டுக்கு ஒருமுறை துடைத்தால் போதும். .22 பேரலைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதால் நன்மை ஒன்றும் இல்லை. துடைத்த பேரலில் முதல் சில குண்டுகள் தள்ளிப் போகும். ஆகவே போட்டி நாள் காலையில் பேரலைத் துடைக்காதீர்கள்.

ட்ரிக்கர் மாறிவிட்டது

கனமாகிவிட்டது, இழுவை நீண்டுவிட்டது, அல்லது ஓர் இழுப்புக்கு இரண்டு ஷாட் போகிறது. கடைசியாகச் சொன்னது நடந்தால் அந்தக் கணமே சுடுவதை நிறுத்தி, ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிப் பிஸ்டலை ஒதுக்குங்கள். மற்ற இரண்டுக்கும் கூட நீங்கள் செய்யக்கூடியது வெளியே தெரியும் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுவது மட்டும்தான். ட்ரிக்கர் பகுதிக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வெளியில் இருக்கும் அழுக்கும் சேர்ந்து உள்ளே போகும். 25 மீட்டர் .22 பிஸ்டல் போட்டியில் ட்ரிக்கர் குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி, எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். நீங்களாகத் திருகைத் திருப்பி அதற்குக் கீழே கொண்டுவந்தால் பாதுகாப்பும் போகும், போட்டியும் போகும்.

துரு

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதுதான் நிரந்தர எதிரி. கை வியர்வையில் உப்பு இருக்கிறது. காலையில் பிடித்த கைரேகை சில நாளில் பழுப்பு நிறத்தில் தெரியத் தொடங்கும். சுட்டு முடித்ததும் உலோகப் பகுதி முழுவதையும் லேசாக எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் எண்ணெய் போட்டு ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷாலோ மிக மெல்லிய வெண்கலக் கம்பளியாலோ மெதுவாகத் தேய்க்கலாம்.

துரு பிடிப்பது பெரும்பாலும் பெட்டிக்குள்தான். ஸ்பாஞ்ச் போட்ட பெட்டி பார்க்க அழகு, ஆனால் ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் உறையும் அப்படித்தான். மழையில் வந்து பெட்டியை அப்படியே பூட்டி வைக்காதீர்கள். திறந்து, துடைத்து, காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டும்.

துடைத்த பிறகு உங்கள் கை

துணியில் வந்த சாம்பல் துகள் ஈயம் என்றேன். தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுத் துடையுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். பழைய துணிகளைப் பையில் கட்டிப் போடுங்கள், வீட்டுத் துடைதுணியோடு சேர்க்காதீர்கள்.

.32 ரிவால்வர், ஏர் பிஸ்டல்

ரிவால்வரில் சிலிண்டர் இறுக்கமாகச் சுற்றினால் முதலில் பார்க்க வேண்டியது, காலி கேஸ்களை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடிப்பக்கம். எரியாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு அங்கே சிக்கினாலே நட்சத்திரம் தூக்கிக்கொண்டு நிற்கும், சிலிண்டர் உரசும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அடுத்து சிலிண்டரின் முன்முகத்துக் கரி. பிறகு எஜெக்டர் ராட் திருகு தளர்ந்து நீண்டிருக்கிறதா என்பது. சிலிண்டரை மணிக்கட்டை உதறி மூடுவது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம், ஆனால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கையை அது வளைத்துவிடும். கையால் தள்ளி மூடுங்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு இங்கே சொன்ன எண்ணெய், சால்வென்ட் எதுவும் பொருந்தாது. அதன் சீல்களைப் பெட்ரோலிய எண்ணெய் கெடுக்கும். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ் மட்டும், சொன்ன இடத்தில் மட்டும். பேரலுக்குள் காய்ந்த ஃபெல்ட் பெல்லட் ஒன்றிரண்டு விட்டால் போதும். காற்று சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நேரம் போனது. இறுதிச் சுற்றுக்கு அவர் போக முடியவில்லை. மாற்றுப் பாகமும் சரிபார்த்த மாற்றுப் பிஸ்டலும் பையில் இருக்க வேண்டும் என்று கோச்சுகள் வற்புறுத்துவது வீணுக்கல்ல.

ஆர்மரரிடம் போகும்போது

இந்தியாவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உங்கள் வேலை. பாகத்தை அராவுவதும் மாற்றியமைப்பதும் உரிமம் உள்ளவரின் வேலை. தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போகும்போது உங்கள் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பிஸ்டல் காலியாக, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

"அப்பப்ப நிக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கோளாறு வந்தபோது கிடைத்த காலி கேஸ்கள் நாலைந்தைச் சின்னக் கவரில் போட்டுக் கொடுங்கள். பக்கத்தில் ஒழுங்காகச் சுட்ட கேஸ்கள் நாலைந்து, தனிக் கவரில். மேலே எழுதுங்கள்: எந்தத் தோட்டா, எந்த மேகசின், மேகசினில் எத்தனையாவது தோட்டா, கடைசியாகத் துடைத்த பிறகு ஏறக்குறைய எத்தனை ஷாட். வெடிக்காத முழுத் தோட்டாவை அந்தக் கவரில் போட வேண்டாம். அதன் விளிம்பை ரேஞ்சிலேயே போனில் படமெடுத்துக்கொண்டு, தோட்டாவை டப்பாவில் போட்டுவிட்டுப் போங்கள்.